ஆவடிக்கு எழுத்து எத்தனை?

விகடகவி என்னும் சொல்லை இடமிருந்து வலமாகப் படிப்பினும் வலமிருந்து இடமாகப் படிப்பினும் விகடகவியாகவே நிற்கும் என்பதைத் தெனாலிராமன் கதை கேட்ட சிறு பிள்ளைகளும் அறிவர். இத்தகைய சொல்லமைதியைச் செய்யுளிற் கையாளும்போது நம் முன்னோர் அதனை மாலைமாற்று என்றனர். திருஞானசம்பந்தர் சீகாழியின்மீது பாடிய மாலைமாற்றுப் பதிகம் தேவாரத்தின் மூன்றாந் திருமுறையில் உள்ளது. இவ்வளவு பழகிய ஒரு செய்தியை, இக்காலத்துச் சிறந்ததெனப் பாராட்டப்பெறும் நிரல்மொழியொன்று மறுத்துரைத்தது என்றால் வியப்பன்றோ? அவ்வியப்பினின்று எழுந்ததே இக்கட்டுரை.

சென்ற கல்வியாண்டில் ஒரு பிற்பகல், நமது கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் முதலாண்டு மாணவர்க்குப் பைத்தான் மொழியின் பயிற்சி நடைபெற்றது. ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்புவதற்கு அம்மொழியில் ஒரு சுருக்கவழி உண்டு. சொல்லின் பின் சதுர அடைப்பிட்டு, அதனுள் முக்காற்புள்ளி இரண்டும் கழித்தற்குறியோடு கூடிய ஒன்றும் இட்டால் போதும். திருப்பிய சொல்லும் திருப்பாத சொல்லும் ஒன்றேயாயின் மெய் என்றும், வேறாயின் பொய் என்றும் பொறி விடை தரும். பாடநூலிற் கண்டவாறே மாணவர் அனைவரும் 'மேடம்', 'லெவல்' முதலிய ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்தில் இட்டு, மெய் என்ற விடையைப் பெற்று மகிழ்ந்தனர். ஆவடியினின்று நாடோறும் மின்தொடர்வண்டியில் வரும் மாணவி ஒருத்தி மட்டும், எவரும் சொல்லாமலே, விகடகவி என்று தமிழில் இட்டுப் பார்த்தாள். பொறி பொய் என்றது. மீண்டும் இட்டாள், மீண்டும் பொய் என்றே சொல்லிற்று. "ஐயா, விகடகவி எப்படி ஐயா பொய்யாகும்?" என்று அவள் வினவினாள்.

"அதற்குத் தமிழ் ஒத்துவராது அம்மா, ஆங்கிலச் சொல்லையே இட்டுப் பார்" என்று அவளுக்கு விடை கூறப்பட்டது. அவ்விடையைக் கூறியவர் யாமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். மணி அடித்தது, வகுப்புக் கலைந்தது, வினா மட்டும் எம்மை விட்டு அகலவில்லை. வீடு சென்று ஆய்ந்தபின், அன்று யாம் சொன்னதில் ஒரு சொல்லேனும் உண்மை இல்லை என்று கண்டோம். பைத்தானுக்குத் தமிழ் நன்றாகவே ஒத்துவரும். தவறு மொழியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. எதனை எழுத்து என்று எண்ணுகின்றோம் என்பதைக் கேளாமல் எண்ணத் தொடங்கியதே தவறு.

பொறியினுள் நிகழ்வது இது. உலக மொழிகளின் எழுத்துகள் யாவற்றுக்கும் ஒவ்வோர் எண் கொடுத்து ஒரே அட்டவணையில் அடக்கும் ஒருங்குறி முறையின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 128. நம் நெடுங்கணக்கிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள. 247-ஐ 128-இல் அடைப்பது எங்ஙனம்? அகரமேறிய மெய்களுக்கும் உயிர்களுக்கும் ஆய்தத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டு, கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகிய குறிகளுக்கும் தனித்தனி எண் கொடுத்தனர். ஆகவே 'வி' என்பது நமக்கு ஓர் எழுத்து. பொறிக்கோ 'வ' என ஒன்றும் அதன் சுழி ஒன்றுமாக இரண்டு குறியெண். விகடகவி நமக்கு ஐந்தெழுத்து. பொறிக்கு ஏழு குறியெண். ஏழனையும் கடைசியிலிருந்து அடுக்கினால் முதலில் வந்து நிற்பது துணையற்ற ஒரு சுழி! அதன்பின் வ, க, ட. பிறகு வரும் ககரத்தின்மேல் இன்னொரு சுழி ஏறிக்கொள்ள, வகரம் வெறுமையாய் இறுதியில் நிற்கும். அது விகடகவி அன்று என்று பொறி சொன்னது முற்றிலும் நேர்மையான விடையே.

மாணவி ஆவடியினள் ஆதலின், நம் சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்ப்பெயர்களையே எடுத்து எண்ணிப் பார்ப்போம். ஆவடிக்கு எழுத்து எத்தனை? ஆ, வ, டி என மூன்று என்பான் பள்ளிச் சிறுவன். பைத்தானின் அளவுகாணும் கட்டளையைக் கேட்டால் நான்கு என்னும். 'கோ' என்னும் மொழியில் அதே பெயருடைய கட்டளையைக் கேட்டால் பன்னிரண்டு என்னும். ஏனெனின், அது சேமிப்பில் உள்ள பைட்டுகளை எண்ணுகின்றது, யூ.டி.எஃப்.-8 என்னும் வழக்கமான முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். அம்பத்தூர் நமக்கு 6, பைத்தானுக்கு 10, கோ மொழிக்கு 30. பூவிருந்தவல்லி நமக்கு 8, அவற்றுக்கு முறையே 14, 42. (அவ்வூரையே பூந்தமல்லி என்று வழங்குவோர் இரண்டெழுத்தை மிச்சப்படுத்துகின்றனர், அது மக்கள் செய்த சுருக்கம், பொறி செய்ததன்று.)

ஒரே நிரல்மொழிதானும் காலத்துக்குக் காலம் விடையை மாற்றியுள்ளது. கைடோ வான் ரோசம் என்பார் ஆக்கிய பைத்தானின் இரண்டாம் பதிப்பில், 'தமிழ்' என்னும் சொல்லை வாளா மேற்கோளிட்டு அளவு கேட்டால், பெரும்பாலும் 15 என்ற விடையே வரும். அஃது பைட்டுக் கணக்கு. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்போ 5 என்னும். அஃது குறியெண் கணக்கு. பழைய நிரல்கள் பல இம்மாற்றத்தால் உடைந்துபோயின. அவற்றைத் திருத்துவதற்கு உலகெங்கும் உழைத்தனர். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஸ்விப்ட் மொழி ஒன்றே, யாம் பார்த்த அளவில், கேட்டவுடன் 3 என்று நம் பள்ளிச் சிறுவனைப் போல விடை கூறுவது. அம்மொழியார் எழுத்து என்பதற்கு மாந்தர் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் கூட்டம் என்று பொருள் வகுத்துக்கொண்டனர். இதனால் ஸ்விப்ட் உயர்ந்தது, பைத்தான் தாழ்ந்தது என்று முடிவு கட்டுதல் கூடாது. கூட்டங்களை எண்ணுவதற்குச் சொல் முழுவதையும் நடந்து பார்த்தல் வேண்டும். குறியெண்களை எண்ணுதல் நொடியில் முடியும். ஒன்றில் ஓர் ஆதாயம், மற்றொன்றில் மற்றோர் ஆதாயம்.

ஈண்டு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, "தமிழ் என்பதை ஒலியாகப் பிரித்தால் த், அ, ம், இ, ழ் என ஐந்துதானே, பைத்தான் சொல்வதும் ஐந்துதானே, அது தொல்காப்பியம் கற்றதோ?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் அவ்வொற்றுமை தற்செயலானது. ஆவடியை ஒலியாகப் பிரித்தால் ஆ, வ், அ, ட், இ என ஐந்து; பொறியோ நான்கு என்றது. இலக்கணத்தார்க்கு அடிப்படை புள்ளியோடு நிற்கும் மெய். அதனோடு உயிர் கூடி உயிர்மெய் ஆகும். ஒருங்குறிக்கு அடிப்படை அகரம் ஏறிய 'க'. புள்ளி என்பது அவ்வகரத்தை நீக்க வந்த ஒரு குறி. 1988-இல் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் முறையைத் தழுவியதால் வந்த விளைவு இது. நம் இலக்கணம் கட்டிய வீட்டின் வாயிலை அடைத்து, வேறொரு பக்கத்தில் வாயில் வைத்தாற்போன்றது. உள்ளே நுழைந்துவிட்டால் அதே வீடுதான். எனினும் வாயில் இருக்கும் திசையை அறியாதவன் சுவரில் முட்டிக்கொள்வான்.

இக்குழப்பம் கணிப்பொறியோடு பிறந்தது என்று எண்ணற்க. எழுதும் கருவி மாறும்போதெல்லாம் எது ஓர் எழுத்து என்னும் வினா புதிதாய் எழுந்தே வந்துளது. ஓலையில் எழுதினோர் புள்ளியிடாது விட்டனர். படிப்போர் இடம் நோக்கி அறிந்துகொண்டனர். எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் இருந்த மயக்கத்தைத் தீர்த்து, இன்று நாம் எழுதும் வேறுபாட்டை வகுத்தவர் இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானபோதும், பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நிறுவியபோதும், எவ்வெழுத்தைத் தனி அச்சாக வார்ப்பது, எதனைத் துண்டுகளாகக் கோப்பது என்று அச்சு வார்த்தோர் முடிவு செய்தே ஆகவேண்டியிருந்தது. ஈய எழுத்து வழங்கிய காலத்தில் அச்சுக் கோத்தவரைக் கேட்டிருந்தால், 'கி' ஓர் அச்சு, 'கா' இரண்டு அச்சு, 'கொ' மூன்று அச்சு என்று சொல்லியிருப்பார். அவர்க்குக் கொரட்டூர் ஐந்தெழுத்து அன்று, ஏழு அச்சு. அவரைத் தமிழ் அறியாதவர் என்று எவரேனும் பழித்ததுண்டா? தம் பெட்டியின் கணக்கையும் நெடுங்கணக்கையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. அதனால் அவர்க்குத் தொல்லையும் இல்லை.

கொரட்டூரைச் சொன்னோம், அவ்வூரைப் பற்றி இன்னொரு புதுமையும் உண்டு. அம்பத்தூருக்குக் கிழக்கே உள்ள அவ்வூரின் பெயரை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியெண்ணாகவும் இடலாம். கொம்பு வேறு கால் வேறாக இரண்டு குறியெண்ணாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒரே தோற்றம்; எவ்வளவு உற்று நோக்கினும் வேறுபாடு தெரியாது. ஆயினும் இரண்டும் ஒன்றா என்று பைத்தானைக் கேட்டால் அன்று என்னும். ஒருவர் ஒரு வகையாகத் தட்டச்சிட்ட முகவரியை மற்றொருவர் மற்றொரு வகையாகத் தேடினால் அகப்படாது. இதற்கு மருந்து உண்டு. இருவகை எழுத்தையும் ஒருவகையாக்கும் நெறிப்படுத்தல் என்னும் செயல் பைத்தானுடனேயே வரும் நிரல் தொகுதியொன்றில் உளது. ஒரே வரியில் அழைத்துக்கொள்ளலாம். அதனினும் வேடிக்கை ஒன்று கேண்மின். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் இடலாம். கொரட்டூர் என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால், இருவகையாக எழுதினும் மொழி தானே நெறிப்படுத்தி ஒன்றாகக் கொள்ளும். ஆயின், அதே சொல் மேற்கோளுக்குள் தரவாக வந்தால், இட்டது இட்டபடியே வைக்கும். பெயராக வந்தால் ஒன்று, பொருளாக வந்தால் இரண்டு! பித்தென்று நகைக்க வேண்டா. தரவைக் கேளாமல் மாற்றுதல் மொழியின் வேலையன்று என்பது அதன் கொள்கை. அக்கொள்கை சரியென்றே எமக்குத் தோன்றுகின்றது.

மருந்து இல்லாத நோயும் உண்டு. ஔவையார் என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவோர் பலர். அச்சிலும் இணையத்திலும் அதனைக் காணலாம். இதனை எந்த நெறிப்படுத்தலும் திருத்தாது. ஏனெனின் பொறியின் கண்ணில் அது வேறு சொல்லே. நம் இலக்கணத்தின் கண்ணிலும் அப்படியே.

அகரவரிசையிலும் இத்தகைய இடர் உண்டு. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும். ஆகவே வருகைப் பதிவேட்டில் அன்பு முன்னும் அமுதா பின்னுமாக நிற்பர். நம் நெடுங்கணக்கிலோ மகரத்துக்குப் பின்னரே னகரம். அகம் முன்னும் அக்கா பின்னுமாக நிற்பதும் அவ்வாறே தவறு. இதுபற்றி விரிப்பிற் பெருகும்.

நிற்க. இவையெல்லாம் புலவர்க்கும் பொறியாளர்க்கும் பொழுதுபோக்காகும் நுட்பங்கள், பொதுமக்களுக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் கருதலாம். எமக்கு வந்த ஓர் அஞ்சல் உறையில், இடவரையறைக்காக அறுக்கப்பட்ட முகவரி வரியின் இறுதியில், 'அம்பத்தூர' என்று புள்ளி இழந்து நின்றது எம் ஊர். வரிக்கு இத்தனைக் குறியெண் என்று எவரோ ஓர் எல்லை வகுத்தார். எல்லை சரியாகப் புள்ளிக்கு முன் வீழ்ந்தது. ஊர்ப்பெயரில் நேர்ந்ததால் நகைத்துவிட்டோம். ஒருவருடைய சான்றிதழிலோ நிலப் பட்டாவிலோ பெயர் இவ்வாறு அறுபட்டால், அவர் அலுவலகந்தோறும் அலைந்து, 'இவனும் அவனும் ஒருவனே' என்று மெய்ப்பிக்க வேண்டிவரும். தரவுத்தளங்களிற் சில பைட்டுக் கணக்கிலும் சில குறியெண் கணக்கிலும் எல்லை வகுப்பன. முப்பது என்று எல்லையிட்டவர் முப்பதெழுத்து என்று எண்ணி இட்டிருப்பார்; பைட்டுக் கணக்காயின் அதில் அம்பத்தூர் மட்டும் அடங்கும், பூவிருந்தவல்லி அடங்காது. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம். அந்த எழுபதும் குறியெண்ணே யன்றி எழுத்தன்று. தமிழில் எழுதுவோன் ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் இடத்தைக் கொள்ள நேர்வது இதனால்தான்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறியின் முன் நிற்கும் எந்தத் தொழிலாளியிடமும் ஒரு வரைபடத்தைக் கொடுத்துப் பாருங்கள். இரும்பை வைப்பதற்கு முன் அவர் கேட்கும் முதற் கேள்வி, இவ்வளவு மில்லிமீட்டரா, அங்குலமா என்பதே. கேளாது கடைந்தால் இரும்பு வீணாகும் என்பதை அவர் பட்டறிந்தவர். விசயந்தா என்னும் கவச ஊர்தி 1965 முதல் உருவான ஆவடித் தொழிற்சாலையின் ஊர் இது; அளவின் அலகைக் கேட்டே தொழில் செய்யும் மரபு இம்மண்ணிற்குப் புதியதன்று. இப்பொழுது அதே தொழிற்பேட்டையிலேயே மென்பொருள் நிறுவனங்கள் பல இயங்குகின்றன. பட்டாபிராமில் 21 அடுக்கு கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பெற்றது. நம் மாணவர் பலர் அவ்விடங்களிற் சென்று அமர்வர். அவர் இயற்றும் படிவங்களில் நம் மக்களின் பெயரும் ஊரும் வந்து நிரம்பும். தந்தையார் கடைசல் பட்டறையில் கேட்ட கேள்வியை மகன் கணிப்பொறியின் முன் கேளாது விடுவானாயின், அதற்கு அவனைக் குறை கூறுவதினும், கேட்ட ஒருத்தியையும் வாய்மூடச் செய்த எம்மைப் போன்ற ஆசிரியரைக் குறை கூறுவதே முறை.

இதற்கெல்லாம் வேர் ஒருங்குறியின் அமைப்பே. அதனை மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று வாதிப்போர் உளர். அவர் வாதம் பொருளற்றதன்று. நெடுங்கணக்கின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் கொடுக்கும் அனைத்தெழுத்துக் குறிமுறை ஒன்று தமிழறிஞர் பலரின் உழைப்பால் உருவாயிற்று. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாகவும், அதற்கு மாற்றாக அம்முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. அம்முறையில் ஆவடி மூன்றே, விகடகவி மெய்யே. ஆயினும் உலகத்தார் கைப்பேசிகளும் இணையமும் ஒருங்குறியையே பேசுகின்றன. தனிக் குறிமுறையில் எழுதிய மடலை அம்முறை இல்லாத பொறியிற் காண்போர்க்கு வெறுங்கட்டங்களே தோன்றும். தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறிமுறையாக நாம் பட்ட பாட்டை மூத்தோர் மறந்திரார். ஆகவே அவ்வழக்கை மீண்டும் தொடுப்பதிற் பயனில்லை என்பது எம் கருத்து. இருப்பதை அறிந்து, அதன்மேல் சரியாகக் கட்டுதலே இப்பொழுது செய்யத்தக்கது. அதற்கான கருவிகளும் உள. முத்து அண்ணாமலை முதலியோர் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுதி, ஒரு சொல்லை நெடுங்கணக்கின்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதனைக் கொண்டு திருப்பினால் விகடகவி விகடகவியே.

வேறு சிலர், "வேலை தருவோர் தமிழில் எழுத்தெண்ணத் தெரியுமா என்று கேட்பதில்லையே" என்பர். உண்மை, கேட்பதில்லை. ஆனால் இவ்வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. தந்தை, தாய், மகள் மூவரும் ஒன்றாய் நிற்கும் படக்குறி ஒன்றைக் கைப்பேசியில் எல்லாரும் அனுப்புகின்றனர். கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு ஐந்து. மேலைநாட்டு நிரலர் பலர் 'எழுத்து என்பது யாது' என்று வினவத் தொடங்கியது இப்படக்குறிகள் தம் செய்திகளில் உடைந்து தோன்றிய பின்னரே என்று யாம் ஐயுறுகின்றோம். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தன் ஊர்ப்பெயரைத் தட்டிய முதல் நாளே காணக்கூடிய உண்மை அது. ஆங்கிலச் சொற்களை மட்டும் இட்டுப் பயில்வோனுக்கு எழுத்தும் குறியெண்ணும் பைட்டும் எப்பொழுதும் ஒரே எண்ணாகவே தோன்றும். மூன்றும் வேறு என்பதை அவன் காண வழியே இல்லை. தாய்மொழி இங்கே தடையன்று, உரைகல்.

நிரல்மொழியின் கட்டளைச் சொற்களையே தமிழாக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. அம்முயற்சியும் நடந்துளது, முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் மொழியில் பதிப்பி, நிரல்பாகம் என்று தமிழிலேயே கட்டளையிடலாம். இளஞ்சிறார்க்கு அது நல்ல வாயில். கல்லூரி மாணவர்க்கோ கட்டளை எம்மொழியில் இருப்பினும் அமையும். அதனைப் பற்றிய கேள்வி தம் மொழியில் எழவேண்டும். அன்று அம்மாணவி தமிழிற் கேட்டதனால்தான் அக்கேள்வி அவ்வளவு நேராக வந்தது. ஆங்கிலத்திற் கேட்க வேண்டும் என்று நாம் விதித்திருந்தால், சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்திருக்கும். கணியம் என்னும் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருவது எமக்கு ஊக்கம் தருகின்றது. நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியிலும் கவிதைக்கும் கதைக்கும் இடையே இத்தகைய வினாவிடைக்கு ஆண்டுதோறும் இரண்டு பக்கம் ஒதுக்கலாகாதா? மலர்க் குழுவினர் ஆராய்க.

இவ்வாண்டு கணிப்பொறிக் கூடத்தில் ஒரு சிறு மாறுதல் செய்துள்ளோம். சொல்லை வெட்டுதல், ஒட்டுதல், திருப்புதல், அடுக்குதல் என எந்தப் புதிய கூற்றைக் கற்பிக்கினும், முதலில் மாணவர் தத்தம் பெயரையும் ஊரையும் தமிழில் இட்டுப் பார்த்து, வந்த விடையை நோட்டில் எழுதி, அஃது ஏன் வந்தது என்று அருகில் எழுதவேண்டும். ஆங்கில எடுத்துக்காட்டு அதன் பின்னரே. பாடம் சற்றுத் தாழ்கின்றது. தேர்வுக்கு உரிய பகுதி முடியுமோ என்ற அச்சமும் எமக்கு இல்லாமல் இல்லை. முன்னர்க் கூறிய மாணவி இப்பொழுது இரண்டாமாண்டில் பயில்கின்றாள். மன்னிப்புக் கேட்கும் பாவனையில் அவளிடம் விகடகவியின் கதை முழுவதையும் விளக்கினோம். பொறுமையுடன் கேட்டாள். பின்னர், பூவிருந்தவல்லியைத் தாண்டி அப்பெருஞ்சாலையிலேயே சென்றால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் தன் பாட்டி வீடு உளதென்றும், அதன் முதலெழுத்தைச் சகரத்தின் வடவெழுத்தாலும் எழுதலாம், ஸகரத்தாலும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன, நெறிப்படுத்தினும் ஒன்றாகவில்லை என்றும், அவ்வெழுத்தை ஸ்விப்ட் மொழி இரண்டாக எண்ணுகின்றது, அவள் பாட்டியோ ஒன்றாகவே எண்ணுகின்றார் என்றும் கூறி, "யார் சொல்வது சரி ஐயா?" என்றாள். தமிழ்த்துறைத் தலைவரிடம் கேட்டோம், ஒன்று என்றார். கணிப்பொறித் துறையில் கேட்டோம். நான்கு என்றார் ஒருவர், இரண்டு என்றார் மற்றொருவர். பழைய மாணவருள் இதனைத் தீர்க்க வல்லார் உளராயின், விடையை மலரின் ஆசிரியருக்குத் தமிழில் எழுதி விடுப்பாராக.